கோட்ட அலுவலகத்தில் பதினான்கு அடுப்பு

கன்னிமேட்டுக்குப் பேருந்து கிடையாது. சென்னீர்குப்பத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய், ஆட்டோக்காரன் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஏரிக்கரை மேல் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். நெடுஞ்சாலையில் லாரி போகிற சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் வரிசையாக எழும்பி நிற்பதும் தெரியும். ஆனால் ரோடு, தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய் எதுவும் கரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை. முதல் நாள் சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு போய் நின்றேன். பதினான்கு வீட்டுச் சனமும் வெளியே வந்து பார்த்துச் சிரித்தது.

நான் ஷம்ஷாத். பூந்தமல்லியில் நானும் என் வீட்டுக்காரர் கலீல் ரகுமானும் தையற்கடை வைத்திருக்கிறோம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபிறகு சாயங்காலமானால் வீடு வெறிச்சென்று கிடந்தது. ரவிக்கை தைக்க வருகிற ஆக்னஸ் ஒரு தொண்டு அமைப்பில் இருப்பவர். "அக்கா, நீங்க பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவங்கதானே. இருளர் புள்ளைங்களுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தர ஆள் கிடைக்கல. போறவங்க ஒரு வாரத்துல திரும்பி வந்துடறாங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உசுப்பிவிட்டது. நான் ஒரு வாரத்தில் திரும்பி வருகிற ஆள் இல்லை என்று காட்டத்தான் போனேன். இதைச் சேவை என்று யாராவது சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

முதல் மாதம் முழுக்க ரகளைதான். ஐந்து மணிக்கு வகுப்பு என்றால் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் ஏரிக்குள் கிடப்பார்கள். தண்ணீர் வற்றிய ஓரத்தில் குனிந்து, சேற்றுக்குள் கையை விட்டு, பார்க்காமலே மீனைப் பிடித்து மேலே வீசுவார்கள். நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒருநாள் பிள்ளைகளோடு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாய், வேம்புலியம்மாள், தண்ணீருக்குள் இருந்தபடியே கேட்டாள்.

"இன்னாத்துக்கு பாயம்மா இப்டி கத்திகினு கீற? வெளிச்சம் போச்சின்னா மீனு போய்டும். பாடம் எங்க ஓடிடப் போவுது? அது உன் பையிலதான கீது."

அவள் சொன்னது நியாயம். வகுப்பை ஆறு மணிக்கு மாற்றினேன். ஈரக் கையோடும் மீன் வாடையோடும் பிள்ளைகள் வந்தார்கள். நோட்டெல்லாம் கவிச்சி அடித்தது. ஒரு மாதத்தில் என் புர்காவும் அப்படித்தான் அடித்தது. வீட்டுக்காரர் மூக்கைச் சுருக்குவார். "கடல்ல போய்ட்டு வந்தியா?" என்பார்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நான் மானம் கெட்டேன். ஒரு சாயங்காலம் வேம்புலியம்மாள் எலி சுட்டுக்கொண்டிருந்தாள். வயலில் வளைக்குப் புகை போட்டு அவள் புருஷன் பரந்தாமன் பிடித்து வந்தது. எனக்குத் தெரியாமலே புர்கா முனை மூக்குக்குப் போய்விட்டது. அவள் பார்த்தாள்.  மறுநாள் நான் போனபோது ஒரு தட்டில் வறுத்த ஜிலேபி மீன் மூடி வைத்திருந்தது.

"சாப்டு பாயம்மா. கறிக்கட பாய்கிட்ட கேட்டுட்டேன். எலி உங்களுக்கு ஆவாதாம். மீனு அறுக்காமலே ஆவுமாம். எனுக்கு இது தெரியாமப் பூட்சி."

இதைக் கேட்க அவள் எட்டு கிலோமீட்டர் நடந்து போய்வந்திருக்கிறாள். மூக்கை மூடியதற்காக அன்றைக்கு நான் வெட்கப்பட்டது போல வாழ்நாளில் வெட்கப்பட்டதில்லை.

வேம்புலியம்மாளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் கார்த்திகா. சின்னவள் சுலோசனா, ஒன்பதாவது படிக்கிறாள். அம்மாவும் அப்பாவும் வேலிகாத்தான் முள் வெட்டப் போவார்கள். ஐயப்பன்தாங்கல் பக்கத்து அடுக்குமாடிகளில் பாம்பு வந்தால் பரந்தாமனுக்குப் போன் வரும். கார்த்திகா பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் எடுத்து, நர்சிங் படிப்புக்கு இடமும் கிடைக்கிறது போல இருந்தது. கன்னிமேட்டில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் அவள்தான். குறைச்சல் ஒன்றே ஒன்று, சாதிச் சான்றிதழ். ஒரு வெள்ளிக்கிழமையில் சான்றிதழ் சரிபார்ப்பு வைத்திருந்தார்கள். இருளர் என்று எழுதிய காகிதம் அன்றைக்குக் கையில் இல்லாவிட்டால் அந்த இடம் போய்விடும்.

மனு போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கார்த்திகா, சுலோசனாவோடு சேர்த்துக் கன்னிமேட்டுப் பிள்ளைகள் பதினோரு பேரின் மனு கோட்ட அலுவலகத்தில் கிடந்தது. கடைசியில், ஆனி மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாளில், அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது.

அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

அதிகாரி வருகிறார் என்றால் வீடு எப்படி இருக்க வேண்டும்? பெண் பார்க்க வரும்போது நாங்கள் என்ன செய்வோம்? அதைத்தான் செய்தேன். இரண்டு நாள் கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுக் கன்னிமேட்டிலேயே கிடந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். மீன்வலை, எலி பிடிக்கிற பானை, கடப்பாரை எல்லாவற்றையும் கரைக்கு அந்தப் பக்கம் புதருக்குள் ஒளித்து வைத்தேன். கடையில் மிச்சமிருந்த துணியில் பெண்களுக்குப் புது ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். சாமியானா கடையில் பத்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்தேன். "யாரும் தரையில உக்காரக் கூடாது. கால் மேல கால் போடாம நாற்காலியில உக்காரணும். அவர் கேட்டா முழுசா பதில் சொல்லணும்" என்று ஒத்திகை வேறு பார்த்தேன். வேம்புலியம்மாள் நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

விசாரணை அதிகாரி பெயர் சரவணக்குமார். நாற்பது வயதிருக்கும். மரியாதையான மனிதர்தான். காபி குடித்தார். "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்களே" என்று மெச்சினார். கார்த்திகாவிடம் ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டார். அவள் டக் டக்கென்று பதில் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரை முனைவரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. சரிபார்ப்புக்குச் சரியாக ஒரு வாரம்தான் இருந்தது. கார்த்திகாதான் படித்தாள். மனுதாரர்களின் வாழ்விடத்திலும் பழக்கவழக்கங்களிலும் பழங்குடியினருக்குரிய அடையாளங்கள் ஏதும் காணப்படவில்லை, ஆகவே பதினோரு மனுக்களும் நிராகரிக்கப்படுகின்றன.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்தாள்.  வேம்புலியம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஊட்ட உன் ஊடு மாரி ஆக்கிட்டியே பாயம்மா."

"நான் நல்லதுக்குத்தான் வேம்புலி..."

"நல்லதுக்குத்தான். ஆரு இல்லன்னாங்க? வலைய ஒளிச்சி வச்ச, பானைய ஒளிச்சி வச்ச. எங்கள எங்க ஒளிச்சி வச்ச? வந்தவன் எங்களத் தேடிப் பாத்துட்டு காணோம்னு எய்திட்டுப் போய்ட்டான். ஏன் ஒளிக்கணும்? நாங்க இன்னா திருடிகினா வந்தோம்?"

"அம்மா, உடுமா" என்றாள் கார்த்திகா.

"நீ சும்மா இருடீ. அன்னிக்கு மூக்க மூடிச்சில்ல, அதே கைதான் இது. நம்மளப் பாத்தா அதுக்குக் கூச்சமா கீது."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரத்தில் திரும்பிப் போகிறவர்களே மேல், அவர்கள் இவ்வளவு கெடுதல் செய்யவில்லை என்று தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை. பரந்தாமன், வேம்புலியம்மாள், கார்த்திகாவோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சரவணக்குமாரிடம் ஒளிக்காமல் சொன்னேன். வலையை ஒளித்தது நான்தான், நாற்காலி என்னுடைய ஏற்பாடுதான், இவர்களைத் தண்டிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொல்றத நான் எப்படி நம்பறது மேடம்? எனக்கும் மேல கேள்வி கேப்பாங்க. ஒண்ணு பண்ணலாம். திங்கக்கிழமை மறுபடியும் வரேன். இவர் என் கண்ணு முன்னாடி ஒரு எலி புடிச்சுக் காட்டட்டும். நான் வீடியோ எடுத்துக்கறேன். பாம்பா இருந்தா இன்னும் நல்லது. அத ஃபைல்ல வச்சுட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது."

"புட்ச்சிடலாம் சார்" என்றார் பரந்தாமன் உடனே. "அஞ்சி நிமிஷ வேல."

எனக்கும் உயிர் வந்தது. "ஆமா சார், வாங்க சார்" என்றேன். கார்த்திகா மட்டும் வாசலைப் பார்த்து நடந்தாள். வெளியே மரத்தடியில் போய்ப் பிடித்தேன். முகமெல்லாம் சிவந்து நின்றாள்.

"எங்கப்பா எலி புடிக்கறது ஊருக்கே தெரியும் டீச்சர். எனக்கு அதுல வெக்கம் இல்ல. அவரு வயித்துக்குப் புடிக்கறாரு. இவருக்கு வேடிக்கை காட்டப் புடிக்கணுமா? அந்த வீடியோவ ஃபைல்ல வச்சிதான் நான் நர்ஸ் ஆவணும்னா, எனக்கு அந்த நர்ஸே வேணாம்."

"ஒரு அஞ்சு நிமிஷம்மா. பல்லக் கடிச்சுக்கிட்டு..."

"நாளைக்கு சுலோசனாவுக்கு வேணும்னா இன்னா கேப்பாரு? பாம்பா? அவங்கவங்க சாதிக்கு அவங்கவங்க இன்னா டீச்சர் பண்ணிக் காட்னாங்க? அவரு இன்னா பண்ணிக் காட்னாரு?"

 இந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடக்கவில்லை. வேம்புலியம்மாள் கரையில் உட்கார்ந்து சாம்பல் தொட்டு மீன் தேய்த்துக்கொண்டிருந்தாள். கன்னிமேட்டுக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செய்யலாம், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் பேச்சு போனது. பரந்தாமனுக்குப் பெண்ணின் படிப்புப் போய்விடுமே என்கிற கவலை. "மானம் பாத்தா ஆவுமா கார்த்தி? எலிதான கேக்கறான், என் கையவா கேக்கறான்?" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வேம்புலியம்மாள் கடைசி மீனைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தாளுக்கு இன்னா வோணுமாம்? நாம எப்டி வாயறோம்னு பாக்கணும். அவ்ளோதான?"

"அவ்ளோதான்" என்றார் பரந்தாமன்.

"அவரு வெயில்ல இம்மாந்தூரம் வந்து, ஒரு மணி நேரம் பாத்து, இன்னா புரியப் போவுது பாவம்? நாமளே போவோம். சட்டி பானையோட போவோம். அவரு ஆபீஸ்லயே வாய்ந்து காட்டுவோம். காலைல எய்ந்ததுலேருந்து படுக்கற வரிக்கும் நல்லாப் பாத்துக்கட்டும்."

 யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவிவிட்டது. பரந்தாமனும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார்.

"நீ வர்றியா பாயம்மா?" என்று வேம்புலியம்மாள் கேட்டாள். கடிதம் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் தலையை ஆட்டினேன். 

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு குட்டியானை வண்டியில் கன்னிமேடு புறப்பட்டது. பாத்திரம், பாய், மீன்வலை, கடப்பாரை, ஆறு ஆடு, எண்ண முடியாத கோழி, கூடவே ஓடிவந்த இரண்டு நாய். அலுவலகக் காவலாளி கேட்டைச் சாத்துவதற்குள் ஆடுகள் உள்ளே போய்விட்டன. தூங்குமூஞ்சி மரத்தடியில் மூன்று மூன்று செங்கல்லாகப் பதினான்கு அடுப்பு மூட்டினார்கள். பத்து மணிக்கு வேலைக்கு வந்தவர்கள் புகைக்குள் நடந்து வந்தார்கள். சரவணக்குமார் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"நீங்கதான் சார் பாக்கணும்னீங்க" என்றாள் வேம்புலியம்மாள். "பொறுமையாப் பாருங்க. அவசரம் இல்ல."

"போலீஸக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்புடுங்க சார். அவங்களும் பாக்கட்டும்."

போலீஸ் வந்தது. பெண் காவலர் ஒருவர் பெயர்களை எழுதிக்கொண்டே என்னிடம் வந்தார். "நீங்க பாய் வீட்டு அம்மாதானே? உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பொல்லாப்பு? நீங்க தள்ளி நில்லுங்க" என்றார். நான் என் பெயரையும் கடை முகவரியையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லி, சரியாக எழுதியிருக்கிறாரா என்று எட்டியும் பார்த்தேன். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அதே மரத்தடியில் வகுப்பெடுத்தேன். வீட்டுக்குப் போக மறந்திருந்த ஒரு குமாஸ்தா கடைசிவரை நின்று கேட்டார்.

வீட்டுக்காரர் போனிலேயே குதித்தார். "போலீஸ் கேஸ் ஆச்சுன்னா என்ன பண்ணுவே ஷம்ஷாது? நம்ம பேரு கெட்டா நாளைக்கு எவன் துணி தைக்க வருவான்?" என்று கத்தினார். செவ்வாய்க்கிழமை மாலை நல்ல மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை வராந்தாவில் ஏற்றக் காவலாளியோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியில் ஒரு பெரிய தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றார் அந்த மனிதர். யாரிடமும் ஒன்றும் பேசாமல் பரந்தாமனோடு சேர்ந்து கயிறு கட்டினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அத்தனை பேர் முன்னால் எப்படி?

புதன்கிழமைக்குள் அலுவலகத்துக்கும் கன்னிமேட்டுக்கும் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. கன்னிமேட்டில் என்ன பிடித்தாலும் அடுப்புக்கு ஒரு கூறு வைப்பார்கள். பிடிக்கப் போகாதவன் வீட்டுக்கும் கூறு உண்டு. அன்று ஏரியிலிருந்து வந்த மீனைப் பங்கு போடும்போது வேம்புலியம்மாள் பதினைந்தாவதாக ஒரு கூறு வைத்தாள்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"மேல கீறாரே, அவருக்கு. ஒரே எடத்துல இருந்துகினு அவர உட்டுட்டுத் துன்ன முடியுமா?"

வறுத்து இலையில் வைத்து சுலோசனா மாடிக்குக் கொண்டுபோனாள். வெறும் இலையோடு திரும்பி வந்தாள்.

அன்று மதியம்தான் அது நடந்தது. ஆவண அறைக் குமாஸ்தா எத்திராஜ், ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருக்கிற மனிதர், தயங்கித் தயங்கிப் பரந்தாமனிடம் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு ஒத்தாசை. உள்ள ரெக்கார்டு ரூம்ல எலி தொல்ல தாங்கல. பழைய ஃபைல எல்லாம் கொதறி வச்சிருக்கு. மருந்து வச்சா அங்கயே செத்து நாறுது. நீங்க வந்து கொஞ்சம் பாத்தீங்கன்னா..."

மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பரந்தாமன் பீடியை அணைத்தார். சனிக்கிழமை ஐந்து நிமிஷ வேலை என்று சொன்ன மனிதர் அவர்.

"எனுக்கு எலி புடிக்கத் தெரியாதே சார்."

"என்னண்ணே, விளையாடறீங்க?"

"மெய்யாலுமே சார். எலி புடிக்கறது இருளரு. நாங்க அது இல்லன்னு உங்க ஆபீஸ்லயே கையெய்த்துப் போட்டு எய்தி குட்துகீறீங்க. கவுருமெண்டு பொய் எய்துமா? கார்த்தி, அந்த லெட்டர எடுத்தாந்து சாருக்குப் படிச்சிக் காட்டு."

கார்த்திகா எடுத்து வந்து நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். எத்திராஜுக்கு முகம் செத்துவிட்டது. மாடி ஜன்னலில் சரவணக்குமார் நின்றிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. பரந்தாமன் மறுபடியும் பீடியைப் பற்றவைத்தார்.  பெண்ணின் படிப்பை வைத்தல்லவா அந்த மனிதர் அப்படிப் பேசினார்!

வியாழக்கிழமை காலையிலிருந்து உள்ளே போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாளை மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று காவலாளி சொன்னான். ஐந்தரை மணிக்கு சரவணக்குமார் இறங்கி வந்தார். கையில் ஒரே ஒரு தாள். நேராக வேம்புலியம்மாளின் அடுப்புக்கு வந்தார்.

"கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டுட்டார். உங்க பொண்ணு சர்டிபிகேட். நாளைக்குப் போய் சீட்ட வாங்கிக்கட்டும். வீடியோவெல்லாம் வேணாம்."

வேம்புலியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கார்த்திகாவிடம் கொடுத்தாள். "வாய்விட்டுப் படி." கார்த்திகா படித்தாள். இருளர் என்ற இடம் வந்தபோது குரல் உடைந்து, இருமிவிட்டு மறுபடியும் அந்த வரியைப் படித்தாள். பரந்தாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

"சந்தோஷம்தானே?" என்றார் சரவணக்குமார். "அப்ப கிளம்புங்க. நாளைக்குக் காலையில இடம் காலியா இருக்கணும்."

"மிச்சம் பத்து?" என்று கேட்டாள் வேம்புலியம்மாள்.

"அதெல்லாம் முறைப்படி மறுபடியும் மனு போடுங்க. விசாரிச்சு..."

"சார், இத்தப் பாருங்க." சுலோசனாவைக் கையைப் பிடித்து இழுத்துக் கார்த்திகாவின் பக்கத்தில் நிறுத்தினாள். "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது. பெரிசு இருளருன்னு நீங்களே எய்திட்டீங்க. சின்னது இன்னா சார்? சொல்லுங்க. நாங்களும் தெரிஞ்சிக்கறோம்."

அவர் சுலோசனாவைப் பார்த்தார்.  கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒரே நாள்ல என்னால..."

"ஒரே நாள்ல ஆரு கேட்டாங்க? பாயம்மா, காலைல நீ கார்த்திய இட்டுகினு போ. சீட்டு வாங்கிகினு நேரா இங்க வந்துடுங்க. ஊட்டுக்குப் போவாதீங்க, அங்க ஆரும் இருக்க மாட்டோம்."

"நாளைக்குப் போலீஸ் வந்து தூக்கிப் போட்டுடுவாங்கம்மா" என்றார் அவர். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமான கவலையோடுதான் சொன்னார்.

"தூக்கட்டும் சார். பதினாலு அடுப்பு. தூக்கித் தூக்கி அவங்களுக்குத்தான் கை வலிக்கும்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்புகளில் சோறு கொதித்தது. வேலை முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரவணக்குமார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். வேம்புலியம்மாள் விறகை உள்ளே தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மணி ஆச்சி சார். ஊட்ல தேடுவாங்க. நீங்க போய்ட்டு வாங்க."

சொல்லிவிட்டு, அவருடைய அலுவலகத்தின் கேட் வரைக்கும் அவரோடு கூடவே நடந்து போய், அவரை வழியனுப்பிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.